சாலைக்கு மேல்புறம்: ஒயின் பற்றி வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் நடக்கும் திராட்சை அறுவடை பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர், "பெயரைப் போட்டுவிடாதீர்கள், மாமனார் இந்தப் பத்திரிகை படிப்பவர்" என்கிற ரீதியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: காரைக்காலில் பிறந்தவன். 1984இல் பிரான்ஸ் போய், திஜோன் நகரில் அச்சகத் தொழிலாளியாக முப்பது வருடம் ஓட்டியவன். ஒயின் எனக்குத் தொழில் இல்லை. வருடாந்திர விடுப்பில் பத்து நாளைத் திராட்சைத் தோட்டத்தில் கழித்த ஆள், அவ்வளவுதான்.

திருநெல்வேலி: எங்கள் ஊர் 'ஒயின் ஷாப்'பில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஒரே புளிப்பு, துவர்ப்பு. இதற்கா ஐயா இவ்வளவு பில்டப்?

உங்கள் நாக்கில் குறை இல்லை. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். மரியாதைக்காக விழுங்கிவிட்டு, ஆரஞ்சு ஜூஸ் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

மனம் மாறியது 1985 அறுவடையில். திஜோனுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஜெவ்ரே-ஷாம்பெர்தான் என்று ஒரு கிராமம். அங்கே பழம் பறிக்க ஆள் வேண்டும் என்றார்கள். கைச்செலவுக்கு ஆகுமே என்று போனேன். பர்கண்டிக் கொடி நம் ஊர்ப் பந்தல் கொடி மாதிரி தலைக்கு மேல் தொங்காது. கம்பி கட்டிக் குட்டையாக வளர்க்கிறார்கள், குலை முழங்கால் பக்கம் தொங்கும். குனிந்தால் முதுகு போகும், மண்டி போட்டால் முட்டி போகும். முதல் தடவை வருகிறவர்கள் கத்தரிக்கோலால் இடது கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொள்வது அங்கே சடங்கு மாதிரி. எனக்கு அது காலை ஒன்பது மணிக்கே நடந்துவிட்டது.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முதுகில் கூடை சுமக்கிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொட்டி, காய்ந்த சாசேஜ், லேபிள் ஒட்டாத ஒரு பாட்டில். தம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, "நீ விரலை வெட்டிக்கொண்ட வரிசைதான் இது. 1978" என்றார். காலையிலிருந்து பறிக்கும் சாக்கில் தின்ற பழத்தின் ருசி வாயில் இருந்தது. சின்னப் பழம், தடித்த தோல், கசக்கிற கொட்டை. தம்ளருக்குள் இருந்ததும் அதே பழம்தான், ஆனால் ஏழு வயது ஆன பழம். துவர்ப்பு இருந்தது, அதன் முனை மழுங்கியிருந்தது. விழுங்கிய பிறகும் வாசனை போகவில்லை. நான் உட்கார்ந்திருந்த மண்ணின் வாசனை மாதிரியே இருந்தது. கற்பனை என்று சொன்னாலும் சண்டைக்கு வர மாட்டேன்.

சரி, உங்களுக்கு ஒரே ஒரு யோசனை. அடுத்த தடவை சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள். ஊறுகாயைத் தனியாகத் தின்றுவிட்டு உப்புக் கரிக்கிறது என்று சொல்லக் கூடாது இல்லையா?

சேலம்: ஒரே ஊர், ஒரே ரகத் திராட்சை. ஆனால் ஒரு பாட்டில் சில நூறு ரூபாய், இன்னொன்று பல லட்சம் என்கிறார்கள். வியாபாரத் தந்திரம்தானே?

கொஞ்சம் வியாபாரம், நிறைய மண்வாகு. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் தெர்ருவார் என்பார்கள்.

பர்கண்டியின் நல்ல தோட்டங்கள் எல்லாம் கிழக்குப் பார்த்த ஒரு நீளமான சரிவில் இருக்கின்றன. அடிவாரத்தை ஒட்டி நெடுஞ்சாலை போகிறது. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே, பெரும்பாலும் இந்த இரண்டு ரகம்தான். வித்தியாசம் எல்லாம் சரிவில் எந்த மட்டத்தில் நிற்கிறோம் என்பதில். உச்சியில் மண் மெலிசு, பாறை தட்டும், குளிர் அதிகம். அடியில் மண் ஆழம், களி, தண்ணீர் நிற்கும். நடுச் சரிவில் சுண்ணாம்புக்கல்லும் களியும் அளவாகக் கலந்து, மழைத் தண்ணீர் வடிந்துவிடும். வேர் தண்ணீரைத் தேடி இறங்கவேண்டிய கட்டாயம் அங்கேதான். நம் ஊரில் தண்ணீர் பாய்கிற தாழ்ந்த வயலுக்குத்தான் விலை, மேட்டு நிலத்தைப் புன்செய் என்று தள்ளிவிடுவோம். அங்கே கதை தலைகீழ். "சாலைக்கு மேல்புறமா, கீழ்ப்புறமா?" என்பதுதான் முதல் கேள்வி.

இப்படித் துண்டு துண்டாகப் பெயர் வைத்த நிலங்களை 'க்ளிமா' என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கணக்கு 1,247. பர்கண்டி முழுக்கப் பார்த்தாலும் உச்சத் தரம், அதாவது கிராண்ட் க்ரூ, 33 மட்டும்.

எனக்குப் பிடித்த உதாரணம் க்ளோ தெ வூஜோ. சுற்றிலும் மதில் கட்டிய 50 ஹெக்டேர் தோட்டம், சீத்தோ மடத்துத் துறவிகள் உண்டாக்கியது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து பிரெஞ்சுப் புரட்சி வரை அவர்கள் கையில் இருந்தது. துறவிகள் மண்ணை நாக்கில் வைத்துச் சுவைத்து எல்லை பிரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. அறுநூறு வருடம் ஒரே நிலத்தில் விவசாயம் செய்கிறவன் மண்ணைத் தின்று பார்க்க வேண்டியதில்லை. 1889 வரை ஒரே சொத்தாக இருந்தது, அப்புறம் விற்று, பிரித்து, பாகம் போட்டு, இன்று ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். சிலருக்கு நாலைந்து வரிசைதான். பாகப்பிரிவினை நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தோட்டம் நடுச் சரிவில் தொடங்கி நெடுஞ்சாலை வரை இறங்குகிறது. சாலையோரம் சேறாக இருக்கிற துண்டுக்கும் அதே கிராண்ட் க்ரூ லேபிள்தான். இங்கே தோட்டத்தின் பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். யாருடைய துண்டு, எந்த மூலை என்று தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

நீங்கள் சொல்கிற பல லட்சம் ரொமானே-கொன்தியாக இருக்கும். நாலரை ஏக்கர் நிலம், வருடத்துக்கு ஐந்தாறு ஆயிரம் பாட்டில். உலகம் பூராவும் ஆள் கேட்டால் விலை எங்கே நிற்கும்? நான் குடித்ததில்லை. பக்கத்தில் இருக்கிற கல் சிலுவையைத் தொட்டிருக்கிறேன். 'நிறையப் பேர் பார்க்க வருகிறீர்கள், புரிகிறது, ஆனால் தயவுசெய்து சாலையிலேயே நில்லுங்கள், தோட்டத்துக்குள் இறங்காதீர்கள்' என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு இருக்கிறது. சாலையிலேயே நின்றேன்.

மதுரை: சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? கூடாது என்கிறான் மகன்.

வையுங்கள். 'அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்' என்று சொன்னது ஐரோப்பாக்காரனின் பழைய கல்வீட்டு அறை, 16, 18 டிகிரி. மதுரை அறையில் சித்திரை மாதம் ஒயின் ரசமாகிவிடும். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கம்பம்: மூன்று தலைமுறையாகப் பன்னீர் திராட்சை போடுகிறோம். எங்கள் பழத்தில் நீங்கள் சொல்கிற மாதிரி உயர்ந்த ஒயின் வருமா? அவர்களுடைய கவாத்துக்கும் எங்களுடையதுக்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கம்பம் பள்ளத்தாக்குக்கும் பிரான்சுக்கும் ஒரு சொந்தம் உண்டு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்தப் பழத்தை 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளியூர்ப் பெயர். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பெரிய வித்தியாசம் உறக்கம். பர்கண்டியில் குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்தது போலத் தூங்கும். அந்தத் தூக்கத்தில்தான் கவாத்து. ஒரு நீளக் குச்சி, ஒரு குட்டைக் குச்சி, மீதி எல்லாம் வெட்டு. ஜனவரி 22 திராட்சைக்காரர்களின் காவல் புனிதர் வின்சென்ட்டின் திருநாள், அதற்கு அப்புறம்தான் கத்தரிக்கோல் எடுப்பேன் என்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டிச் சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டே போவார்கள், வெட்டிய குச்சியெல்லாம் அதில் எரியும். பனிக்கால மத்தியானத்தில் சரிவு முழுக்கப் புகை நூல் நூலாக ஏறும். கையைக் குளிர் காய்வதற்கும் அதுதான், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கறி சுடுவதும் அதில்தான்.

உங்கள் கொடி தூங்குவதே இல்லை. நீங்கள் கவாத்து செய்கிற நாள்தான் அதற்கு வசந்தம். அதனால் வருடம் பூராவும் பள்ளத்தாக்கில் எங்காவது பழம் இருக்கிறது. அவர்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு வாய்ப்பு. ஏப்ரலில் மொட்டு விடும்போது பனி அடித்தால் அந்த வருடம் போயிற்று. 2021 ஏப்ரலில் அப்படித்தான் ஆயிற்று. ராத்திரி இரண்டு மணிக்குத் தோட்டம் தோட்டமாக மெழுகு வாளிகளை ஏற்றி வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கார்த்திகை தீபம். கிட்டே போனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: இருபது வருடம் வைத்துக் குடிக்கிற சிவப்பு ஒயின் பன்னீர் திராட்சையில் வராது. அதற்கு வேண்டிய துவர்ப்பு அதன் தோலில் போதாது. ஆனால் பேருக்கு ஏற்ற பன்னீர் வாசனை அதன் சொத்து. பிரான்சின் தெற்கே மஸ்கட் குடும்பத்து வெள்ளைத் திராட்சையில் இனிப்பு ஒயின் செய்து பெயர் வாங்கியிருக்கிறார்கள். அந்த வழி உங்களுக்குச் சரிப்படும் என்பது என் எண்ணம். பினோ நுவார் நட்டுப் பார்க்க வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள்.

நாகர்கோவில்: எங்கள் பாட்டி கிறிஸ்துமஸுக்குத் திராட்சை, சீனி, ஈஸ்ட், கிராம்பு போட்டு ஜாடியில் கட்டி வைப்பார்கள். அதை ஒயின் என்று சொல்லலாமா?

தாராளமாக. சீனி போட்டால் ஒயின் இல்லை என்று யாராவது மூக்கைச் சுளித்தால், ஷாப்தால் பெயரைச் சொல்லுங்கள். நெப்போலியனிடம் அமைச்சராக இருந்த ரசாயன நிபுணர். பழுக்காத வருடத்தில் சாற்றில் சர்க்கரை சேர்த்து நொதிக்க வைக்கலாம் என்று எடுத்துச் சொன்னவர் அவர். அந்த முறைக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாட்டியின் கிராம்பு மட்டும் அவருக்குத் தெரியாது. ஜாடி வாயை இறுக்கி மூடாதீர்கள், காற்றுப் போக வழி விடுங்கள்.

ஈரோடு: ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தது தோம் பெரிஞோன் என்ற சாமியார்தானே?

இல்லை. அவர் மடத்தின் ஒயினை நன்றாக்கியவர், ரகங்களைக் கலப்பதில் கெட்டிக்காரர். நுரை வந்தால் பாட்டில் வெடிக்கிறதே என்று அதைத் தவிர்க்கப் பாடுபட்ட காலம் அது. நுரைக்காகச் சர்க்கரை சேர்ப்பதைப் பற்றி லண்டனில் கிறிஸ்டோபர் மெர்ரெட் என்பவர் 1662இலேயே எழுதிவிட்டார். சாமியார் அப்போது மடத்துப் பொறுப்புக்கே வரவில்லை. விளம்பரத்துக்கு லண்டன் ஆளைவிடச் சாமியார் பொருத்தமாக இருந்திருக்கிறார்.

கோயம்புத்தூர்: பழைய கொடிகளை எல்லாம் ஒரு பூச்சி அழித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். விவரமாகச் சொல்ல முடியுமா?

பூச்சியின் பெயர் பில்லோக்செரா. நம் செடிகளில் மொய்க்கிற அசுவினியின் உறவு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மஞ்சள் புள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்து, 1860களில் தெற்குப் பிரான்சில் வேரை உறிஞ்ச ஆரம்பித்தது. 1868இல் மோன்பெலியே நிபுணர்கள் செத்த கொடியை விட்டுவிட்டு, பக்கத்தில் பச்சையாக நின்ற கொடியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் பூச்சி அகப்பட்டது. கொடி செத்ததும் அது அடுத்த வேருக்குப் போய்விடும், செத்த கொடியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் என்று அரசு அறிவித்தது. கடைசி வரை யாருக்கும் கொடுக்கவில்லை.

வழியும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்தப் பூச்சியோடு பழகிப்போன அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் குச்சியை ஒட்டுக் கட்டினார்கள். மாங்கன்று ஒட்டுக் கட்டுவது மாதிரிதான். இன்று நீங்கள் பார்க்கிற பிரெஞ்சுத் தோட்டங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கால் அமெரிக்கா, தலை பிரான்ஸ்.

ரொமானே-கொன்தி மட்டும் வெகுநாள் பிடிவாதமாக இருந்தது. மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு என்கிற ரசாயனத்தை ஊசி போட்டுப் போட்டுப் பழைய வேரைக் காப்பாற்றினார்கள். உலகப்போரில் மருந்தும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. 1945இல் அந்தக் கிழட்டுக் கொடிகள் சுமார் 600 பாட்டிலுக்குத்தான் பழம் கொடுத்தன. அதோடு பிடுங்கிவிட்டார்கள். அடுத்து அந்தப் பெயரில் ஒயின் வந்தது 1952இல். அந்த 1945 பாட்டில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் அதைத் திறப்பாரா என்பதுதான் என் கவலை.

சென்னை: கோப்பையைச் சுழற்றி, மூக்கை விட்டு முகர்ந்து, 'செர்ரி, பிளாக்கரன்ட்' என்கிறார்களே, அது நடிப்பா?

சுழற்றுவது நடிப்பு இல்லை, காற்றுப் பட்டால் வாசனை எழும். ஆனால் சென்னையில் பிறந்தவர் பிளாக்கரன்ட் என்பது பாதி நடிப்புத்தான். தின்றே பார்க்காத பழத்தின் வாசனை எப்படித் தெரியும்? உங்கள் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இளம் பினோ நுவாரில் எனக்கு நாவல்பழம் வரும். பழசானால் ஈரமண், காய்ந்த ரோஜா, பாட்டி வீட்டு மரப்பெட்டி. ஒரு தடவை தோட்டக்காரர் ஒருவரிடம் விளாம்பழம் என்று சொல்லிவிட்டு, அது என்ன என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஒரு விஷயத்தில் நமக்குத்தான் வசதி. டானின் என்று அவர்கள் சொல்வதை நாம் துவர்ப்பு என்று அறுசுவையில் ஒன்றாக எப்போதோ சேர்த்துவிட்டோம். நாவல்பழம் தின்ற நாக்கு எப்படி இறுகும் என்று தெரிந்தவனுக்கு இளம் சிவப்பு ஒயினைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்லித் தருகிறேன். மழையில் நனைந்த சாக்கு வாசனை வந்தால் அந்தப் பாட்டில் கெட்டது, தக்கையில் வந்த கோளாறு. தைரியமாகத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பெரிய உணவகத்தில் நான் திருப்பியபோது பரிமாறியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரையே முகரச் சொன்னேன். பேசாமல் வேறு பாட்டில் கொண்டுவந்தார்.

திருச்சி: தினம் ஒரு கோப்பை இதயத்துக்கு நல்லதாமே?

உடம்புக்கு நல்லது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. நான் ருசிக்குக் குடிக்கிறேன். சர்க்கரை வந்த பிறகு வாரத்துக்கு ஒரு தம்ளர்.

புதுச்சேரி: நம் முன்னோர்கள் திராட்சை ஒயின் குடித்தார்களா?

உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அரிக்கமேடு இருக்கும்போது என்னைக் கேட்கிறீர்களே! 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக்கடல் பக்கத்து இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடி வகை அவற்றில் நிறைய. ஒயின் ஏற்றி வந்த சாடிகள்.

புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று இதைத்தான் சொல்கிறார். கலம் என்றால் கப்பலா, குடமா என்று உரைகாரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என்னைக் கவர்ந்த சொல் தேறல். தேறியது, தெளிந்தது. பழைய சிவப்பு ஒயினில் அடிமண்டி தங்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டில் கழுத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாய்த்து, மண்டி வருகிற நேரம் நிறுத்திவிட வேண்டும். மேலே வந்ததுதான் தேறல்.

தஞ்சாவூர்: மகள் பிறந்த வருடத்து ஒயினை வாங்கி வைத்து, அவள் கல்யாணத்தில் திறக்க ஆசை. என் மாதிரி நடுத்தரக் குடும்பத்துக்குச் சரிவருமா?

வரும், என்னைப் போலச் செய்யாமல் இருந்தால். என் மகள் பிறந்தது 1990. பர்கண்டியில் அருமையான வருடம். 1993இல் ஜெவ்ரேயில் நான் பழம் பறிக்கிற வீட்டிலேயே ஒரு பாட்டில் வாங்கினேன். அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது? சமையலறைப் பரணில், துணியில் சுற்றி, பத்திரமாக. பரணுக்கு அடியில் வெந்நீர் பாய்லர் இருக்கிறது என்பது 24 வருடம் என் புத்தியில் ஏறவே இல்லை.

2017இல் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன்னால் பெரிய முன்னுரை கொடுத்துவிட்டுத் திறந்தேன். தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊற்றியபோது நிறம் புளிக்கரைசல். வாசனை, அடுப்பில் மறந்த வெல்லப்பாகு. சம்பந்தி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கே சம்பந்தி" என்றார். அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

விருந்துக்கு வந்திருந்த அந்த ஜெவ்ரே தோட்டக்காரர் எதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார், கையில் அதே 1990, அதே லேபிள், தன் நிலவறையிலிருந்து. கல் சுவர், இருட்டு, கோடையிலும் 12, 13 டிகிரி, நகர்த்தாமல் படுக்கவைத்த பாட்டில். நிறம் செங்கல் மாதிரி ஓரத்தில் வெளுத்திருந்தது, நடுவில் இன்னும் சிவப்பு. முதல் ஐந்து நிமிடம் வாசனையே வரவில்லை. அப்புறம் காய்ந்த ரோஜா, காளான், கடைசியில் எங்கிருந்தோ கொஞ்சம் பழம். மகள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது என் வயசாப்பா?" என்றாள்.

தஞ்சாவூர் வெயிலில் இருபத்தைந்து வருடம் வைக்க வேண்டுமானால், குளிர்சாதன ஒயின் அலமாரியும் நிற்காத மின்சாரமும் வேண்டும். கணக்குப் போட்டால் பாட்டில் விலையை விட அது அதிகம். பெண்ணுக்குப் பதினெட்டு வயதானதும் ஒரு நல்ல கடையில் அவள் வருடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வைத்திருக்கிற கஷ்டம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

என் பாட்டிலில் மீந்ததைக் கொட்ட மனம் வரவில்லை. மறுநாள் மனைவி அதைக் கறிக்குழம்பில் ஊற்றினாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.